நல்ல குடும்பமுங்க

மே 12, திங்கள்

நேற்றைய முகூர்த்தத்துக்குப் போன வாடகைப் பாத்திரமெல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டது, ஒரு ஜல்லிக் கரண்டியைத் தவிர. மண்டபத்துக்கு ஆள் அனுப்பினேன். "நாங்க என்ன கரண்டியத் தின்னுட்டமா?" என்று கேட்டார்களாம். தின்றிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். என் கடைப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அ. சென்னியப்பன், அந்தியூர் என்று பேர் வெட்டியிருக்கிறது. பத்தாவதில் இரண்டு தடவை தோற்றவன் பேர் எதிலாவது பொறிக்கப்பட வேண்டுமென்றால் இதுதான் வழி.

உரக்கடைக்காரர் தந்த இந்த டைரியில் இதுவரை முகூர்த்தத் தேதிகள் மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று தெய்வானை என்னோடு பேசவில்லை. பொண்டாட்டி பேசாத வீட்டில் மனுசன் எழுதத்தான் முடியும்.

சங்கதி இதுதான். துணி துவைக்கும்போது என் பனியனில் ஒரு கறையைப் பார்த்துவிட்டாள். இடது மார்புக்கு நேராக, பொட்டு மாதிரி.

"என்னங்க இது?"

"பாயசம் பட்டிருக்கும்."

"பாயசம் உள்ளயிருந்தா படும்?"

தை மாதத்திலிருந்தே அங்கே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அண்டா விளிம்பு இடித்ததாக இருக்கும். வலி கிடையாது. வலிக்காததை எதற்கு ஊருக்குச் சொல்ல வேண்டும்? இதைச் சொன்ன பிறகுதான் அவள் பேச்சை நிறுத்தினாள்.

மே 15, வியாழன்

உள்ளூர் டாக்டர் தொட்டுப் பார்த்தார். அக்குளிலும் தொட்டார். கூச்சத்தில் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கோயமுத்தூருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஜல்லிக் கரண்டி இன்னும் வரவில்லை.

மே 20, செவ்வாய்

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எங்களை உட்கார வைத்த இடத்தில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். சுவரில் இருந்த படத்திலும் பெண்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "ஆம்பளைங்க வெளிய நிக்கோணுமுங்க" என்றார். நானும் எழுந்து போய் மரியாதையாக வெளியே நின்றேன். அதற்குள் நர்சு வந்து தெய்வானையைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், முன்பக்கம் முடிச்சுப் போடும் அங்கியையும் கொடுத்துவிட்டார். அவள் பதறிப்போய், "எனக்கு இல்லீங்க, அவுருக்குங்க!" என்று கத்தியது வெளியே எனக்கே கேட்டது. அங்கிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கல்யாணத்தன்று மணவறையில்கூட என்னை இத்தனை பெண்கள் பார்த்ததில்லை.

பிறகு அந்த அங்கியை நான் போட்டுக்கொண்டேன். இரண்டு தகட்டுக்கு நடுவில் மார்பை வைத்து அமுக்கிப் படம் எடுக்கிறார்கள். அமுக்க எதுவும் இல்லாதவனை அமுக்குவது படம் எடுக்கிற பிள்ளைக்குப் பெரும்பாடாகிவிட்டது. "கொஞ்சம் முன்னால வாங்க அய்யா, இன்னும் கொஞ்சம்" என்று இழுத்து இழுத்து, சப்பாத்திக் கட்டையில் ஒட்டிய மாவு மாதிரி ஆக்கிவிட்டது. அப்புறம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தெய்வானை சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கண்ணில் தூசி என்றாள். பெருந்துறையிலிருந்து அந்தியூர் வரைக்கும் தூசி.

மே 27, செவ்வாய்

கேன்சராம். ஆண்களுக்கும் வருமாம், அபூர்வமாக. அபூர்வமாக எனக்குக் கிடைத்த ஒரே பரிசு.

டாக்டரம்மா சின்ன வயசு. என் மகள் வயசுதான் இருக்கும். பொறுமையாகப் பேசினார். ஆபரேஷன் பண்ணி மார்பை எடுத்துவிட வேண்டும் என்றார். "ஆடி மாசம் வச்சுக்கலாமுங்களா? வைகாசி முகூர்த்தம் தலைக்கு மேல இருக்குது, ஆடியில கடை சும்மாதான் கெடக்கும்" என்று கேட்டேன். அவர் தெய்வானையைப் பார்த்தார். தெய்வானை, "அடுத்த வாரமே வச்சுக்கலாமுங்க" என்றாள்.

அப்புறம் அவர் கேட்டார்: "உங்க குடும்பத்துல இதுக்கு முன்ன யாருக்காவது மார்புல கேன்சர் இருந்திருக்குங்களா?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க குடும்பத்துல அப்பிடி ஒரு சீக்கு கெடையவே கெடையாதுங்க. நெம்ப நல்ல குடும்பமுங்க. அந்தியூர்ல யாரை வேணாலும் விசாரிச்சுக்கலாம்."

"நான் பொண்ணு கேட்டு வரலீங்க அய்யா" என்றார் டாக்டரம்மா.

தெய்வானை என் தொடையில் கிள்ளினாள். ஆனால் நான் சொன்னதில் என்ன தப்பு? இந்தக் கேள்வியை நம் பக்கம் வேறு யார் கேட்பார்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள்தான் கேட்பார்கள். அதற்குப் பதிலும் ஒன்றுதான். என் அய்யன் அதைத்தான் சொன்னார், நானும் மகள் வாணி கல்யாணத்தின்போது அதைத்தான் சொன்னேன்.

"அக்கா தங்கச்சிங்க?"

"ஒரே அக்காங்க. முத்தாயாள். கவுந்தப்பாடியில கட்டிக் குடுத்துட்டோமுங்க. அவுங்க இப்ப வேற குலம்."

"இருக்காங்களா?"

"இல்லீங்க. அது அவுங்க ஊட்ல நடந்துதுங்க."

"அப்பா கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அத்தைங்க. அவுங்களையும் கட்டிக் குடுத்தாச்சு. அவுங்களும் அவுங்க ஊட்லதான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அய்யா, கட்டிக் குடுத்தா ரத்தம் மாறிடுமா?"

நல்ல கேள்வி. எங்கள் குலதெய்வக் கோயில் வரிக் கணக்கில் மாறித்தான் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

நாளைக்கு ஆபரேஷன். வாணி சத்தியமங்கலத்தில் இருக்கிறாள், கூட்டுக் குடும்பம். அவளிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறோம். தெய்வானையின் யோசனை. "சம்பந்தி ஊட்ல தெரிஞ்சா பேச்சு வேற மாதிரி போகும். அவுங்க சின்னப் பையனுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்காங்க. நம்மளால எதுக்கு?" என்றாள். குடலிறக்கம் கௌரவமான நோய். பாரம் தூக்குகிறவனுக்கு வருவது. யாரும் முகம் சுளிப்பதில்லை.

நாளைய முகூர்த்தத்துக்கு மூன்று தேக்சா கேட்டு ஆள் வந்தது. கொடுத்து அனுப்பினேன். வேறு ஒன்றும் இல்லை.

வேறு ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

முடிந்தது. இடது பக்கம் இப்போது சமதளம். வலது பக்கமும் பெரிதாக ஒன்றும் வித்தியாசமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

சம்பந்தியம்மா பார்க்க வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கூடவே வாணி, என் பேத்தி மித்ரா. இந்த வெயிலில் நான் போர்வையைக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன்.

"குடலெறக்கம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"இடது பக்கமுங்க" என்றேன். அது மட்டும் பொய்யில்லை.

அவர் என் போர்வையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். மறுபடி போர்வையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது ஏக்கர் கரும்பை ஒற்றை ஆளாக நின்று பார்க்கிற அம்மா. கேட்காமல் விட்டார் என்றால் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

மித்ரா கட்டிலில் ஏறி என் மேல் விழப் பார்த்தாள். வாணி அவளைப் பிடித்து இழுத்தாள். "அப்புச்சிக்கு வயித்துல தையலு, சாமி." பேத்தி உடனே என் வயிற்றில் மெதுவாக ஊதிவிட்டாள். வலிக்கிற இடத்துக்கு அரை அடி கீழே. இருந்தாலும் சுகமாகத்தான் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஊசி மருந்து இரண்டாவது தடவை ஏற்றினார்கள். முடி கொட்டும் என்று முன்னாலேயே சொன்னார்கள். கொட்டுவதற்குத் தலையில் என்ன இருக்கிறது என்று சிரித்தேன். மீசையை யோசிக்கவில்லை.

இன்று காலை முகம் துடைத்தபோது பாதி மீசை துண்டோடு போய்விட்டது. மிச்சத்தையும் எடுத்துவிட்டு, பழனிக்கு வேண்டுதல் என்று கடை வாசலில் சொன்னேன். எதிர்க்கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தலைமுடி குடுக்கறவன் உண்டு, மீசையக் குடுக்கறதுக்கெல்லாம் ஒரு மனசு வேணுமுங்க" என்றார். சாயங்காலத்துக்குள் ஊரில் நான் பெரிய முருக பக்தன்.

தெய்வானை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படியே சமையல்கட்டுக்குள் போனாள். வெங்காயம் உரிக்கிறேன் என்றாள். இன்றைக்கு மதியம் ரசமும் அப்பளமும்தான்.

ஜூலை 29, செவ்வாய்

ரத்தத்தில் பரம்பரைச் சோதனை ஒன்று எடுத்திருந்தார்கள். இன்று அதன் முடிவு. என் ரத்தத்தில் ஒரு பழுது இருக்கிறதாம். என் அய்யனிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்தது. ஆண்கள் உடம்பில் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் போகுமாம்.

"பேர் வெட்டுன மாதிரிங்களா?" என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். எந்த வீட்டுக்குப் போனாலும், எத்தனை தடவை தேய்த்தாலும் அடியில் அந்தப் பேர் இருக்கும் என்று.

"ஆமாங்க. ஆனா எல்லாப் பாத்திரத்துலயும் இருக்காது. உங்க பொண்ணுக்கு வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, வராம இருக்கவும் அதே அளவு வாய்ப்பு இருக்கு. சோதிச்சாத்தான் தெரியும். அவங்க உடனே வந்து பாத்துக்கணும்."

"அவ நல்லாத்தாங்க இருக்கறா."

"நீங்களும் நல்லாத்தான இருந்தீங்க, கட்டியோட?"

அப்புறம் ஒன்று சொன்னார். குடும்பத்தில் இந்த நோய் இருந்தால் பிழைக்க மாட்டோம் என்று ஜனங்கள் பயப்படுகிறார்களாம். அப்படியெல்லாம் இல்லையாம். குடும்பத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் முன்கூட்டியே வந்துவிடுவதால், பல பேருக்குச் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்து நன்றாக ஆகிவிடுகிறதாம். "தெரியாதவங்களும் மறைக்கறவங்களும்தான் முத்திப்போய் வர்றாங்க."

படியிறங்கும்போது தெய்வானை சொன்னாள்: "ஆவணிக் கல்யாணம் முடியட்டுங்க. அதுக்கப்பறம் வாணிகிட்டச் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா, நோய்க்காரப் பொண்ணக் கட்டி வச்சுட்டாங்கன்னு அந்த ஊட்ல ஒரு பேச்சு வந்துரும். புதுசா வர்ற சம்பந்தி ஊடும் காதுல வாங்கும். ஒரு மாசம்தானுங்க."

ஒரு மாசம்தானே. நானும் சரி என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வாணி வந்திருந்தாள். கூடுதுறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். நான் சட்டையோடு முங்கினேன். "ஏனுங்ப்பா, பொம்பளையாட்டச் சட்டையோட முங்கறீங்க?" என்று சிரித்தாள்.

மத்தியானம் அவளிடம் சொல்லிவிடலாம் என்று தனியாகக் கூப்பிட்டேன்.

"வாணி."

"சொல்லுங்கப்பா."

"வந்து... கண்ணு, அந்தச் சித்திரை முகூர்த்தத்துக்குப் போன ஜல்லிக் கரண்டி இன்னும் வரவே இல்ல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஒரு கரண்டிக்கா இப்பிடி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறீங்க?"

ஆகஸ்ட் 8, வெள்ளி

போன் போட்டேன். மித்ரா எடுத்தாள். ஒன்றாம் வாய்ப்பாடு முழுக்க ஒப்பித்தாள். வாணி வந்ததும் கல்யாணத்துக்கு அண்டா எத்தனை வேண்டும் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையில் கவுந்தப்பாடிக்குப் போனேன், என் அக்கா வீட்டுக்காரர் ஆறுமுகம் மாமாவைப் பார்க்க. டாக்டரம்மா குடும்ப விவரம் சரியாகக் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அக்கா போய் இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போவதோடு சரி. மாமா இப்போது தனி ஆள், தானே சமைத்துக்கொள்கிறார். போண்டா போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, மீசையக் காணோம்? எங்காவது அடமானம் வச்சுட்டியா?"

"பழனிக்குங்க மாமா."

"நீயி? பழனிக்கு? பஞ்சாமிர்தம் திங்கறதுக்குப் போவே."

சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன். அவர் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்தார்.

"உங்கக்காளுக்கும் இதே பக்கந்தான்" என்றார்.

"எங்ககிட்ட வயித்துக் கட்டின்னு சொன்னீங்களே மாமா?"

"எங்கம்மா சொல்லச் சொன்னா. உங்கூட்டுச் சீக்கு எங்கூட்டுக்கு வந்துருச்சுன்னு எங்கம்மா பேசினா. எங்கூட்ல சரியாக் கவனிக்காமக் கொன்னுட்டம்னு உங்கம்மா பேசினா. ரெண்டு பேரும் சேந்து, வெளிய வயித்துக் கட்டின்னு முடிவு பண்ணாங்க. சம்பந்தி ரெண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விசயத்துலதான்."

அத்தை நஞ்சம்மாளைப் பற்றியும் கேட்டேன். அவர் சிரித்தார். "கல்யாணத்துக்கு முந்தி எங்கம்மா கேட்டா, உங்க அத்தை எதுல போனாங்கன்னு. உங்கய்யன் மஞ்சக்காமாலைன்னாரு. நெம்ப நல்ல குடும்பம், யாரை வேணாலும் விசாரிச்சுக்கலாம்னாரு. நாங்களும் விசாரிச்சோம். எல்லாரும் மஞ்சக்காமாலைன்னே சொன்னாங்க. அந்த அளவுக்கு ஊரே நல்ல ஊரு."

"அக்கா எப்ப மாமா கண்டுபிடிச்சா?"

"அதான் கெரகம். அவளுக்கு முன்னாலயே தெரியும். என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துது. முடியட்டும்னு இருந்துட்டா. ஒரு மாசம்தானன்னு நெனச்சிருப்பா. அப்பறம் மறுவீடு, அப்பறம் சீரு. யாருகிட்டயும் சொல்லல. அந்தக் கல்யாணத்துக்குப் பாத்திரம் உன்ற கடைதான், ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருக்கிறது. பந்தியில் அக்கா ஒரு கையால்தான் பரிமாறினாள். இடது கையை இடுப்பிலேயே வைத்திருந்தாள். "என்ன, மகாராணியாட்டப் பரிமாறற?" என்று கேலி செய்தேன். "ஆமா, நீ அண்டா தூக்கு, நான் மகாராணியா இருக்கறேன்" என்றாள்.

மாமா தட்டில் போண்டாவைப் போட்டார். ஜல்லிக் கரண்டியின் காம்பில் அ. சென்னியப்பன், அந்தியூர். எழுத்து பாதி தேய்ந்திருந்தது.

"அந்தக் கல்யாணத்துல தங்கிப்போனது" என்றார். "திருப்பிக் குடுக்கோணும்னு சொல்லிட்டே இருந்தா. நான்தான் குடுக்கல. எடுத்துட்டுப் போறியா?"

"வேண்டாமுங்க மாமா. இங்கயே இருக்கட்டும். உங்க பொண்ணு எங்க இருக்கறா?"

"கோபியில."

"அவளைக் கூட்டிட்டு நாளைக்கே கோயமுத்தூர் போங்க."

கவுந்தப்பாடியிலிருந்து அந்தியூருக்குப் பஸ் நின்றது. ஏறவில்லை. சத்தியமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். தெய்வானைக்குப் போன் போட்டால் தடுத்துவிடுவாள், அதனால் போடவில்லை.

சம்பந்தி வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா நடுவில். வாணி ஓரத்தில். மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போயிருந்தார்.

"வாணி, சித்தெ வெளிய வா கண்ணு."

"இங்கயே சொல்லுங்க சம்பந்தி" என்றார் சம்பந்தியம்மா. நகரவில்லை.

பஸ்ஸில் ஒரு பேச்சுத் தயார் பண்ணியிருந்தேன். இறைவன் சோதனை, காலம், தைரியம் என்றெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. வாயைத் திறந்ததும் வந்தது இது: "எனக்குக் குடலெறக்கம் இல்ல கண்ணு. மாருல கேன்சரு. அறுத்தாச்சு. உனக்கும் இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க."

வாணி மஞ்சள் கையோடு எழுந்துவிட்டாள். "எப்பங்ப்பா?"

"வைகாசியில."

"இப்ப ஆடி முடியப் போகுது."

"முடியட்டும்னு இருந்தோம்..."

"எது முடியட்டும்னுங்ப்பா?" சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆடிப்பெருக்குக்கு வந்தேன். கரண்டியக் காணம்னு சொன்னீங்க. ஒரு கரண்டி காணாமப் போனாக் கூட எனக்குச் சொல்றீங்க. இதைச் சொல்ல மாட்டீங்களா? நான் உங்க குடும்பமில்லீங்களா?"

"அதைச் சொல்லத்தான் கண்ணு வந்தேன். நீ எங்க குடும்பந்தான். அந்தச் சோதனையிலயே தெரிஞ்சுரும்" என்றேன்.

இதற்கு மேல் மோசமாக ஒரு மனிதன் பதில் சொல்ல முடியாது. அழுதுகொண்டிருந்தவள் அழுகைக்கு நடுவில் ஒரு தடவை சிரித்துவிட்டாள். அது அவளுடைய கெட்ட வழக்கம், என்னிடமிருந்து போனது.

சம்பந்தியம்மா எழுந்து உள்ளே போனார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"குடலெறக்கத்துக்குக் கழுத்து வரைக்கும் போத்திட்டுப் படுத்த மனுசன நான் அன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார். "கல்யாணத்துக்கு முந்தி உங்ககிட்டக் கேட்டேன், ஊட்ல யாருக்கும் சீக்கு உண்டான்னு. நெம்ப நல்ல குடும்பம்னு சொன்னீங்க."

"அப்ப எனக்கே தெரியாதுங்க சம்பந்தியம்மா."

"தெரிஞ்சிருந்தா மட்டும்?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "அடுத்த செவ்வாக்கெழம கோயமுத்தூர் போறோம். நானும் வர்றேன். வெளிய யாரு கேட்டாலும் வாணிக்குப் பல்லு வலி. கல்யாணம் முடியற வரைக்கும் பல்லு வலிதான், ஆருகிட்டயும் மூச்சு உடக் கூடாது" என்றார்.

பொய்யை ஒழிக்கப் போய் இன்னொரு பொய்க்குப் பங்காளியாகிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் இந்தப் பொய் கோயமுத்தூருக்கு வண்டி ஏறுகிற பொய்.

வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் சொன்னேன். திட்டுவாள் என்று வாசலிலேயே நின்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள். மே மாதத்திலிருந்து அவள் கண்ணில் விழுந்துகொண்டிருந்த தூசியெல்லாம் ஒட்டுக்காக வெளியே வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வாணிக்கு எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். அதே தகடு, அதே பிள்ளை. சம்பந்தியம்மா உள்ளே போய் மிஷினைப் பார்த்துவிட்டு வந்து, "கரும்பு ஆட்டற மாதிரில்ல ஆட்டறாங்க" என்றார். பிறகு யோசித்துவிட்டு, தனக்கும் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். அவருக்கு ஒன்றும் இல்லை. வாணிக்கு ஒரு இடத்தில் ஊசி போட்டு எடுத்திருக்கிறார்கள். கையால் தொட்டால் தட்டுப்படாத இடமாம்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு இட்லிக் குண்டான் கேட்டு ஐந்து வீட்டிலிருந்து வந்தார்கள். மாவு சரியாக வேகவில்லை என்று ஒரு வீட்டில் குண்டானைக் குறை சொன்னார்கள். குண்டான் என்ன செய்யும்?

வாணிக்கு இருக்கிறது. கடுகளவு. அதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன். ஆரம்பத்திலும் ஆரம்பமாம். "இப்ப வராம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருசம் கழிச்சுத்தான் கைக்குத் தட்டுப்பட்டிருக்கும்" என்றார். "உங்களாலதான் அய்யா இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிச்சோம்."

என்னாலதான். இந்த வார்த்தையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். என்னாலதான் வந்தது. என்னாலதான் தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆளைப் பிடித்தால் வேலை சுலபம்தான்.

மாமா மகளுக்கு அந்தப் பழுது இல்லையாம். மாமா போனிலேயே அழுதார். "கரண்டி மட்டுந்தான்டா உங்கூட்டுது" என்றார்.

செப்டம்பர் 4, வியாழன்

கல்யாணம் நன்றாக நடந்தது. வாணி இரண்டு கையாலும் பரிமாறினாள். நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியம்மா அவளிடம், "பல்லு வலி எப்பிடி இருக்குது கண்ணு?" என்று கேட்டார். "அடுத்த வாரம் புடுங்கறாங்க பெரியம்மா" என்றாள், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

பாத்திரம் எல்லாம் திரும்பி வந்தது. இரண்டு டம்ளர் அதிகமாக வேறு வந்திருக்கிறது.

செப்டம்பர் 11, வியாழன்

வாணிக்கு ஆபரேஷன். மதியம் மூடின கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் செய்தபோது தெய்வானை இங்கேதான் உட்கார்ந்திருந்திருப்பாள். உள்ளே படுத்திருப்பது ரொம்பச் சுலபம்.

முடிந்தது. நன்றாக இருக்கிறாள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மீசை முளைக்கிறது. வெள்ளையாக, பூனை மாதிரி. எதிர்க்கடைக்காரர் அடுத்த வருசமும் பழனிக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டார். இல்லீங்க, மார்பில் கேன்சர், ஊசி மருந்தில் விழுந்தது என்றேன். அவர் வெடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "உங்க அக்கா தங்கச்சிக, பொண்ணுக எல்லாரையும் ஒருக்கா பாத்துக்கச் சொல்லுங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக என்று தெய்வானை முறைத்தாள். எதிர்க்கடை மருமகள் சாயங்காலம் பலகாரத் தட்டோடு வந்தாள். தெய்வானையிடம் சமையல்கட்டில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

எனக்கும் வாணிக்கும் ஒரே நாளில் பரிசோதனை. அதே இடம், அதே படம், அதே பெண்கள். இந்தத் தடவை யாரும் என்னை வெளியே நிற்கச் சொல்லவில்லை. ஒரு அம்மா நகர்ந்து இடம்கூடக் கொடுத்தார். பழகின ஆள் ஆகிவிட்டேன்.

டாக்டரம்மா விடுமுறையாம். புதிதாக ஒரு தம்பி வந்திருந்தார், படிப்பு முடித்த ஈரம் காயாத டாக்டர். வாணியை உட்கார வைத்து முதலிலிருந்து எல்லாம் கேட்டார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது இது இருந்திருக்குங்களா?"

"இருக்குதுங்க. இதா, இவுங்களுக்கு" என்று கையைக் காட்டினாள்.

அந்தத் தம்பி கை காட்டிய திசையில் தெய்வானையைப் பார்த்து, "அம்மாவுக்கா?" என்று எழுதப் போனார்.

"எனக்கு ஒன்னுமில்லீங்க தம்பி" என்றாள் தெய்வானை. "நான் வேற குலம்."

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் நிற்கிற மாதிரி. "நானுங்க. எனக்கு முந்தி எங்க அக்கா முத்தாயாள். அவுங்களுக்கு முந்தி எங்க அத்தை நஞ்சம்மாள், அவுங்களுக்கும் அதுவாத்தான் இருக்கோணும். வெளியில மஞ்சக்காமாலை, வயித்துக் கட்டின்னு சொல்லியிருக்கோமுங்க, அதை எழுத வேண்டாம். ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்தாச்சு. ஆனாலும் எங்க ஊட்டு ஆளுகதான். எழுதிக்குங்க."

தம்பி எழுதினார். பிறகு தலையைத் தூக்கி, எழுதினதைப் பார்ப்பதா எங்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் பரிதாபமாகப் பார்த்தார்.

அவருக்கு ஒரு தைரியம் சொல்லலாம் என்று நினைத்தேன். "நெம்ப நல்ல குடும்பமுங்க" என்றேன்.

வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட இடம் இழுத்திருக்கும் போல, நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அதே இடத்தில் இழுத்தது.